சுண்டியின் அப்பா ஒரு பைலட்

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்றுதான் பூரணி பிறகு தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அது பொய் என்பதும் அவளுக்குத் தெரியும். கேட்டிருந்தால் முதலில் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். இரண்டு நாள் யோசிக்க வேண்டும் என்றிருப்பாள். மூன்றாம் நாள் சம்மதித்து, ஆனால் தானும் ஒத்திகைக்கு வருவேன் என்று பிடிவாதமாக நின்றிருப்பாள். அதனால்தான் போலும், ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை.

மூன்று மாதமாக வீட்டில் நாடகப் பேச்சுத்தான். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் நிவேதினி வீட்டுக்கு வராமல் நேரே உவர்மலைக்குப் போய்விடுவாள். அங்கே அவளுடைய மாமி தவமலர் இருந்தாள். பூரணியின் கணவன் ஞானசேகரத்தின் தங்கை. அதே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் சங்கீதமும் படிப்பிக்கிற ரீச்சர். கலியாணம் கட்டாமல் ஒரு ஆர்மோனியப் பெட்டியோடும் அலுமாரி நிறையப் புத்தகங்களோடும் குடியிருப்பவள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு வீடு எப்படி இருக்கும் என்று பூரணிக்கு விளங்கியது. தனக்கும் பதினொரு வயதில் அப்படி ஒரு மாமி வாய்த்திருந்தால் தானும் போயிருப்பாள். விளங்கியதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. விளங்கிக்கொண்டு எரிவது இன்னும் கூட எரிந்தது.

பிள்ளை ஐந்தரை மணிக்கு வந்து சேரும்போது மாமியின் பழக்கம் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்துவிடும். ஒரு நாள் தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்றது. மாமி சீனி போடமாட்டாவாம். இன்னொரு நாள் யாரோ எதையோ சொல்ல, தலையை ஒரு பக்கம் சரித்து "அப்பிடியா" என்றது. தவமலரின் அதே சரிவு, அதே இழுப்பு. ஒரு காலை பூரணி வழமைபோலப் பக்கவகிடு எடுத்துப் பின்னிவிட்டாள். பிள்ளை வாசல் படலையடியில் நின்று பின்னலை அவிழ்த்து, கையாலேயே நடுவகிடு பிரித்துப் பின்னிக்கொண்டு போனதைக் குசினி யன்னலால் பூரணி பார்த்தாள். அன்றைக்கு அவள் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள்.

ஞானசேகரத்திடம் சொல்லிப் பயனில்லை. அவன் துறைமுகத்தில் பைலட் போட்டை ஓட்டுகிற சுக்கானி. சீனன்குடா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்கள் குடாவுக்கு வெளியே வந்து நிற்கும். உள்ளே வரும் வழியும் ஆழமும் அறிந்த பைலட்டைப் போட்டில் ஏற்றிப்போய் அந்தக் கப்பலில் விட்டுவிட்டு வருவது அவன் வேலை. பைலட் மேலே ஏறி நின்று வழிகாட்ட, மலைபோன்ற கப்பல் பசுமாதிரி உள்ளே வரும். கடற்படை விட்டால் போவான், மறித்தால் நிற்பான். வீட்டு விஷயத்திலும் அதே முறைதான். பிள்ளை பாடுகிறது, படிக்கிறது, போகிறது யாரோ பிறத்தியார் வீடா, என்று கேட்டுவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டான்.

என்ன நாடகம் என்று மட்டும் பிள்ளை வாய்திறக்கவில்லை. வந்து பாருங்கோவன் என்றது. ஒரு கார்ட்டூன் படத்தை இசை நாடகமாகப் போடுகிறார்கள் என்று பூரணிக்குச் சொன்னது பக்கத்து வீட்டு ஸாலிஹாதான். அவளுடைய மகள் றுக்கியாவும் நாடகத்தில் இருந்தாள். எந்தப் படம் என்று பூரணி கேட்டிருக்கலாம். கேட்டால் தனக்குத் தெரியாது என்பது வெளியே தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு நாடகம். ஆறு மணிக்குள் எல்லோரும் வீடு போய்ச் சேரவேண்டும் என்பதற்காக அந்த நேரம். வாசலில் கைப்பை சோதிக்கிறவர்கள் சோதித்து விட்டபிறகு பூரணி உள்ளே போக, மண்டபம் நிரம்பியிருந்தது. ஸாலிஹா முன்னாலிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு கதிரையில் தான் இருந்து, மற்றதில் கைப்பையை வைத்துப் பூரணிக்கு இடம் பிடித்திருந்தாள்.

"என்ட புள்ளயத் தவக்கையாப் போட்டிரிக்காங்க," என்றாள் ஸாலிஹா. "ரெண்டு கிழமையா வீட்டில நடக்கிறல்ல, தத்துறதுதான். அவட வாப்பா பயந்து போனாரு."

பூரணி சிரித்தாள். திரைக்கு முன்னால் ஒரு பெரிய வகுப்புப் பிள்ளை வந்து மைக்கில் படித்தது: வசனம், பாடல்கள், இசை, நெறியாள்கை, செல்வி தவமலர். கைதட்டினார்கள். பூரணியும் தட்டினாள், மற்றவர்கள் தட்டியதில் பாதி.

திரை விலகியது. நான்கு நீலச் சேலைகளை இரண்டு பக்கமும் பிடித்து அலையாக ஆட்டினார்கள். நடுவே ஒரு கவிழ்த்த பெட்டி. அதன்மேல் சாம்பல் நிறச் சட்டையும் வைக்கோல் வாலும் கன்னத்தில் கறுப்பு மீசைக்கோடுகளுமாக, எலி வேசத்தில் நிவேதினி. பச்சைத் தவளை வேசத்தில் தத்தித் தத்தி றுக்கியா வந்தாள்.

"தவக்கை அண்ணை, இண்டைக்குத் தண்ணி என்ன நிறம்?"

"இண்டைக்குத் தேத்தண்ணி நிறம், சுண்டி. பாலும் விடேல்லை."

பிள்ளைகள் சிரித்தார்கள். பூரணியின் கை கதிரையின் விளிம்பைப் பிடித்தது. அந்தப் பேச்சு அவளுடையது. சுண்டி என்ற பெயர் அவள் வைத்தது. பாலும் விடேல்லை என்பது, பால்மா கிடைக்காமலிருந்த ஒரு கிழமையில் அவள் வாயில் தானாக வந்தது.

ஆறு வருசத்துக்கு முந்திய கதை அது. பின்னேரம் ஆறு மணிக்கே ஊரடங்கிப்போகும் காலம். ஞானசேகரத்தின் சிநேகிதன் ஒருவன் வெளிநாடு போகும்போது ஒரு பழைய ரீவியையும் வீடியோ டெக்கையும் மூன்று கசற்றுகளையும் விட்டுப்போனான். அதில் ஒன்று இங்கிலீசில் ஒரு கார்ட்டூன் படம். கடலோரத்தில் இருக்கிற ஒரு சுண்டெலிக் குட்டி, காணாமற்போன தகப்பனைத் தேடிப் போகிற கதை. அதன் முதல் இருபது நிமிடத்துக்கு மேல் யாரோ தங்கள் கலியாண வீட்டைப் பதிந்து வைத்திருந்தார்கள். நாதஸ்வரம் ஊதும், மாப்பிள்ளை குனிவார், தாலி ஏறும், அட்சதை விழும், உடனே ஒரு எலி அழத் தொடங்கும். கலியாணத்துக்குத் தன்னைக் கூப்பிடவில்லை என்றுதான் எலி அழுகிறதென்று ஐந்து வயது நிவேதினி நெடுநாள் நினைத்திருந்தாள். ஸாலிஹாவின் றுக்கியாவும் அவளும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்ப்பார்கள்.

படத்தில் கதைப்பது பிள்ளைகளுக்கு விளங்காது. பூரணிக்குப் பாதி விளங்கும். விளங்கிய பாதியைத் தமிழில் சொன்னாள். விளங்காத பாதிக்கு எலியின் முகத்தைப் பார்த்து எது பொருந்துமோ அதைச் சொன்னாள். ஒரு தரம் சொன்னால் அது சட்டம். அடுத்த தரம் ஒரு சொல்லை மாற்றினாலும் நிவேதினி விடமாட்டாள். முந்தி வேறமாதிரிச் சொன்னனீங்கள் என்று அழுவாள். அப்படிச் சொல்லிச் சொல்லி, ஐம்பது அறுபது தரம் ஓடியபிறகு படம் முழுவதும் தமிழில் இருந்தது. எலி பாடுகிற இடத்தில் பூரணியும் பாடினாள். வெளியே எங்கேயாவது அதிர்ந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடினாள். ஒரு நாள் கசற்றை டெக் விழுங்கிவிட்டது. இழுத்தெடுத்த நாடாவைப் பிள்ளைகள் ரிப்பன் என்று விளையாடினார்கள். அதோடு அது முடிந்துபோனது.

முடிந்துபோனது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஒரு வரியைக்கூட எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கவேண்டிய பொருள் என்று தோன்றவுமில்லை. பிள்ளைக்குச் சோறு தீத்துவதையும் தலை வாரி இழுப்பதையும் யார் எழுதி வைப்பார்கள். இன்றைக்குத்தான், நானூறு பேருக்கு முன்னால், இன்னொருத்தியின் பெயரோடு அது எழுந்து நின்றபோதுதான், தான் ஒன்றை ஆக்கியிருந்தாள் என்பது பூரணிக்குத் தெரிந்தது. தெரிந்த அதே கணத்தில் அது களவுபோயும் இருந்தது. ஒரு பொருள் தன்னுடையது என்று அறிவதற்கே அது பிறத்தியார் கையில் இருப்பதைப் பார்க்கவேண்டியிருக்கிறதே என்று நினைத்தாள். நினைத்து அடங்குகிற விஷயமாக அது இருக்கவில்லை.

ஸாலிஹா அவள் பக்கம் சரிந்தாள். "இது நீங்க சொல்ற கதைதானே, பூரணி? என்ட புள்ள உங்கட வீட்டில இருந்து வந்து இதத்தானே சொல்லுவா?"

"ஓம்," என்றாள் பூரணி. "கொஞ்சம் சாயல் இருக்கு."

மேடையில் நிவேதினி பெட்டியின் மேல் ஏறி நின்றாள். திரை மறைவில் ஒரு பெரிய வகுப்புப் பிள்ளை ஆர்மோனியத்தைத் தொடங்கியது. சேலை அலைகள் மெதுவாகின.

"அலையே அலையே அப்பாவைக் கண்டியா
ஆழக் கடலில பைலட்டைக் கண்டியா
வெளியில நிக்கிற கப்பலையெல்லாம்
வீட்டுக்குக் கூட்டி வருகிறவர்."

மெட்டு தவமலருடையது. பூரணி பாடியது வெறும் தாலாட்டு இழுப்பு. இது ஏறி, ஒரு இடத்தில் நின்று, இறங்க மனமில்லாமல் இறங்கியது. நல்லாயிருந்தது. நல்லாயிருந்ததுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. மண்டபத்தில் பாதிப்பேர் துறைமுகத்தில் வேலை செய்கிற குடும்பம். பைலட் என்ற சொல் வந்ததும் பின்வரிசையில் ஆண்கள் தட்டினார்கள். யாரோ விசிலும் அடித்தார்கள். ஞானசேகரம் அங்கே இல்லை; அன்றைக்கென்று ஒரு கப்பல் வந்திருந்தது. இருந்திருந்தால் அவனும் தட்டியிருப்பான். தங்கச்சி கெட்டிக்காரி என்றிருப்பான்.

பாடும்போது நிவேதினி அடிக்கடி வலது பக்கம் பார்த்தாள். அங்கே திரை ஓரத்தில் ஒரு கை தெரிந்தது. வளையல் இல்லாத, கடிகாரம் மட்டும் கட்டிய கை. அது ஏறினால் பிள்ளையின் குரல் ஏறியது. தாழ்ந்தால் தாழ்ந்தது. சொல் என்னுடையது, பிள்ளை என்னுடையது, கை மட்டும் அவளுடையது என்று பூரணி எண்ணினாள். மிச்ச நாடகம் முழுவதும் அவள் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டியின் தகப்பன் கடைசியில் ஒரு மிதவையில் வந்து சேர்ந்ததும், ஸாலிஹா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்ததும் அவளுக்குத் தூரத்தில் நடந்தமாதிரி இருந்தது.

பிறகு பிரதம விருந்தினர் பேசினார். இரத்தினசிங்கம் என்று ஒரு ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. வெள்ளை நீளக்காற்சட்டை, கையில் மடித்த கைலேஞ்சி. பிள்ளைகளைப் பாராட்டினார். ரீச்சரைப் பாராட்டினார். பிறகு, குற்றம் சொல்வதற்கில்லை, ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன் என்று தொண்டையைச் செருமினார். இந்தப் படத்தைக் கொழும்பில் பேரப்பிள்ளைகளோடு தான் மூன்று தரம் பார்த்ததாகவும், அதில் எலியின் தகப்பன் பைலட்தான், ஆனால் ஆகாய விமானம் ஓட்டுகிற பைலட் என்றும், தொடக்கத்திலேயே சிவப்பு நிற விமானத்தில் தபால் மூட்டையோடு அவர் பறந்துபோவதைக் காட்டுவார்கள் என்றும் சொன்னார்.

"எங்கட திருகோணமலை ஆக்கள், பைலட் எண்டவுடனே அவரைப் போட்டில ஏத்திப்போட்டினம்," என்றார்.

மண்டபம் சிரித்தது. நல்ல சிரிப்புத்தான், நஞ்சில்லாத சிரிப்பு. பூரணிக்குக் காது சுட்டது. அந்தக் கலியாண வீடு மூடிய இருபது நிமிடத்துக்குள் ஒரு சிவப்பு விமானம் இருந்திருக்கிறது. மை பாதர் இஸ் எ பைலட் என்று எலி சொன்ன இடத்தில் அவள் ஒரு கணமும் தயங்கவில்லை. சுக்கானியின் பெண்சாதிக்கு வேறு எந்தப் பைலட் நினைவில் வரும்.

தவமலர் திரைக்குப் பின்னாலிருந்து வந்து மைக்கைப் பிடித்தாள். நெற்றியில் மெல்லிய திருநீற்றுக்கோடு, நடுவகிடு. தலையை ஒரு பக்கம் சரித்தாள்.

"பிழை என்னுடையதுதான், சேர். நான் கவனிச்சிருக்க வேணும்."

அதற்கும் தட்டினார்கள். பிழையை ஒப்புக்கொண்ட அழகுக்காக, முன்னையதைவிடக் கூடவே தட்டினார்கள்.

பூரணி எழும்பிவிட்டாள். எழும்பவேண்டும் என்று நினைத்துத்தான் எழும்பினாள் என்றில்லை. பாட்டைக் கொடுத்தாயிற்று, பிள்ளையைக் கொடுத்தாயிற்று, பிழையையும் கொடுப்பதா என்று உள்ளே ஏதோ ஒன்று எழும்ப, உடம்பு அதன் பின்னால் போனது. ஸாலிஹா அவள் சேலைத்தலைப்பைப் பிடித்து இழுத்தது தெரிந்தது.

"சேர், அது மச்சாளின்ர பிழையில்லை," என்றாள். "அது என்ர பிழை. அந்தக் கதை நான் சொன்னது."

நானூறு தலைகள் திரும்பின. இரத்தினசிங்கம் கையைக் காதருகே வைத்து, அம்மா என்ன சொல்கிறா என்று மரியாதையாகக் கேட்டார். தொடங்கியதை முடிக்கவேண்டியதாயிற்று. கசற்றைப் பற்றிச் சொன்னாள். முதல் இருபது நிமிடம் கலியாண வீடு என்று சொன்னாள். தாலி கட்டி முடிய எலி அழும் என்றும் சொன்னாள். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

"அப்ப அந்தக் கலியாணத்தையும் நாடகத்தில சேர்த்திருக்கலாம்," என்றார் அவர்.

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. தவமலர் சிரிக்கவில்லை. மைக்கைப் பிடித்தபடி பூரணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், சேலை அலைகளுக்கு நடுவே, மீசை வரைந்த ஒரு சின்ன முகம் தாயைப் பார்த்தது. அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடப் பூரணி தாங்கியிருப்பாள். அது வேறு யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

வீடு போகும் வழியில் ஸாலிஹாவும் மகளும் கொஞ்சம் முன்னால் நடந்தார்கள். அது ஸாலிஹாவின் நயத்தன்மை. சோதனைச் சாவடியில் நின்ற ஆமிக்காரப் பொடியன் நிவேதினியின் முகத்தைக் கண்டுவிட்டு "மியாவ்" என்றான். எலி என்று அவனுக்கு விளங்கப்படுத்த இருவருக்கும் சிங்களமும் இல்லை, மனமும் இல்லை. சாவடி தாண்டிய பிறகுதான் பிள்ளை வாய்திறந்தது.

"ஏன் எழும்பினனீங்கள்?"

"என்ர பிழையைத்தானே சொன்னனான்."

"மாமிக்கு அது பிழை எண்டு முந்தியே தெரியும். முழுப்படமும் மாமி பாத்தவ. பிளேனாக மாத்துவம் எண்டு சொன்னவ. நான்தான் ஏலாது எண்டனான்."

"ஏன் ஏலாது?"

"பிளேன் சத்தம் கேட்டால் சுண்டி கட்டிலுக்குக் கீழ ஒளிச்சிடும். பிறகு எப்பிடி அப்பாவைத் தேடுறது?"

சீனன்குடா விமானத்தளத்தின் பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பூரணி பார்த்தாள். அன்றைக்கு வானத்தில் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பி வாகரைப் பக்கமோ வேறெங்கோ குண்டு போடப் போகிற விமானச் சத்தம் கேட்டபோதெல்லாம் இந்தப் பிள்ளை எங்கே ஒளித்தது என்று அவளுக்கு நினைவிருந்தது. அவள் பாடிய அந்தப் பின்னேரங்களில், பிள்ளையின் ஒரு கை எப்போதும் கட்டில் காலைப் பிடித்திருக்கும்.

"மாமி என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றாள்.

"கேக்கச் சொல்லி என்னட்டைத்தான் சொன்னவ. நான் கேட்டிட்டன் எண்டு சொன்னனான். அம்மா ஓமாம், பேர் மட்டும் போடவேண்டாமாம் எண்டும் சொன்னனான்."

பூரணி நின்றுவிட்டாள். பிள்ளையும் நின்றது. பொய் சொன்னதற்காக வெட்கப்படுகிற முகமாக அது இல்லை. கணக்கில் வந்த விடையைச் சொல்கிற முகம்.

"கேட்டால் நீங்கள் வந்திடுவியள், அம்மா. வந்து அப்பிடியில்லை இப்பிடி எண்டு சொல்லுவியள். பிறகு அது உங்கட கதையாப் போயிடும்." மீசைக்கோட்டைப் புறங்கையால் தேய்த்தது. "எனக்கெல்லோ சொன்னனீங்கள்."

அன்றைக்கு முழுவதும் தவமலரை நோக்கிப் போய்க்கொண்டிருந்த எரிச்சல் திரும்ப இடமில்லாமல் பூரணிக்குள் நின்றது. இந்தப் பிள்ளை ஒரு சொல் விடாமல் ஆறு வருசம் நெஞ்சுக்குள் வைத்திருந்தது. அதைவிட ஒரு தாய்க்கு என்ன வேண்டும். வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு அது வேறு வீட்டுக்குப் போனது. இரண்டும் ஒரே பிள்ளை செய்த ஒரே காரியம். ஒன்றை எடுத்து மற்றதை விட முடியாமல் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை காலை தவமலர் வந்தாள். கையில் நாடகக் கொப்பி. கதிரையின் நுனியில் இருந்தாள். அழுதிருந்தாள் என்று தெரிந்தது. அது பூரணிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிறு காலை கிண்ணியாப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக இன்னொரு தரம் போடுவதாக ஏற்பாடு. பைலட்டை என்ன செய்வது என்று கேட்கத்தான் அவள் வந்திருந்தாள்.

"நீங்கள் பேர் போட வேண்டாம் எண்டு சொன்னனீங்கள் எண்டுதான் போடேல்லை, மச்சாள். நிவே வந்து அப்பிடித்தான் சொன்னது. நேற்று நீங்கள் எழும்பினதைப் பாத்தவுடனே எனக்குக் குழப்பமாப் போச்சு."

குசினி வாசலில் ஒரு நிழல் அசையாமல் நின்றது. பூரணி அதைப் பார்க்காமலே பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். பிள்ளை பொய் சொல்லிவிட்டது என்று சொன்னால் உவர்மலை வீட்டின் கதவு கொஞ்சம் மூடும். அந்த நடுவகிடு கொஞ்சம் நகரும். நாக்கு நுனியில் அது வந்து நின்றது.

"ஓம், நான்தான் அப்பிடிச் சொன்னனான்," என்றாள். "அப்ப அப்பிடி இருந்தது. இப்ப மனம் மாறிட்டுது. பைலட் கடலிலேயே இருக்கட்டும். என்ர பேரையும் போடுங்கோ, மச்சாள். முதல்ல போடுங்கோ."

தவமலர் ஓம் என்று உடனே கொப்பியைத் திறந்து, அழகான எழுத்தில், தன் பெயருக்கு மேலே எழுதினாள். நிழல் குசினிக்குள் போனது. சட்டி பானை ஏதோ அரக்கி நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிள்ளையைக் காப்பாற்றியதாகப் பூரணி நினைக்கவில்லை. மகளோடு தனக்கு ஒரு இரகசியம், அதில் மச்சாளுக்குப் பங்கில்லை, அந்த நினைவைத்தான் தேத்தண்ணியோடு மெல்ல மெல்லக் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, பாதை என்கிற மிதவைப்படகில் ஏறிக் குடாவைக் கடந்து, பின் பஸ்ஸிலும் வந்த பிள்ளைகளால் மண்டபம் இரைந்தது. பூரணி முன்வரிசையில் இருந்தாள். கதை, வசனம், பாடல்கள், திருமதி பூரணி ஞானசேகரம் என்று மைக்கில் வந்தது. அந்தப் பெயரைக் கேட்க எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம்தான் சந்தோஷம் இருந்தது. திரை விலகியதும் நிவேதினி வலது பக்கம் பார்த்தாள். அந்தக் கை அங்கேதான் இருந்தது. பெயரைக் கேட்டு வாங்கலாம், அந்தப் பார்வையைக் கேட்டு வாங்க ஏலாது என்பது அப்போதுதான் பூரணிக்கு உறைத்தது.

இரண்டாம் பாட்டு ஒரே ஒரு தரம் வருவது. சுண்டி களைத்துப்போய்க் கரையில் இருந்து பாடுவது.

"அலையே அலையே அவரிட்டைச் சொல்லு
ஆரும் இல்லாமல் நிக்கிறன் சொல்லு
வாசல் பாத்துக் கண்ணும் பூத்தது..."

அதோடு நிவேதினி நின்றாள். ஆர்மோனியம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து திரும்ப அதே இடத்தில் காத்துக்கொண்டு நின்றது. நாலாவது வரி பிள்ளைக்கு மறந்துபோனது. வந்தால் போதும் வேறொண்டும் வேண்டாம் என்பதுதான் அந்த வரி. பூரணிக்கு வரி வாயில் இருந்தது. முன்வரிசை, மெல்லச் சொன்னாலே கேட்கும். அவள் சொல்லவில்லை. பிள்ளை யாரைப் பார்க்கப்போகிறது என்று பார்ப்பதற்காக வாயை மூடிக்கொண்டு இருந்தாள். திரை ஓரத்தில் தவமலரும் கொப்பியைப் புரட்டவில்லை. அவளுக்கும் வரி தெரிந்திருக்கும். அவள் பூரணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிவேதினி வலது பக்கம் பார்க்கவில்லை. முன்வரிசையையும் பார்க்கவில்லை. சேலை அலைகளைப் பார்த்தாள். ஏதோ இப்போதுதான் அடுப்படியிலிருந்து எழும்பி வந்தவள்போல, தானாகவே, பாடினாள்.

"சோறு ஆறுது, சொல்லிவிடு."

கிண்ணியாப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு கணம்தான். பிறகு ஒருவரும் அடக்காமலே அந்தச் சிரிப்பு அடங்கியது. தகப்பன்மார் கடலுக்குப் போகிற வீடுகளில் மூடி வைத்த சோற்றை அவர்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஆர்மோனியம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. பிள்ளை அதையே இன்னொரு தரம் பாடியது.

தவமலர் திரை ஓரத்திலிருந்து புருவத்தை உயர்த்தினாள். உங்கடையா, மச்சாள்? என்று அது கேட்டது. பூரணியின் தலை ஓம் என்று சொல்லத்தான் தொடங்கியது. தாடை கொஞ்சம் தாழ்ந்தும்விட்டது. யாருக்கும் தெரியப்போவதில்லை. பிறகு மெதுவாக, மனமில்லாமல், இல்லை என்று ஆட்டினாள். தவமலரும் தன்னுடையது இல்லை என்று கையை விரித்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள். ஒன்றும் மிச்சமில்லாத பக்கம்.

பாட்டு முடிந்து மண்டபம் கைதட்டியது. எத்தனை நாள் ஞானசேகரத்துக்காகச் சோற்றை மூடி வைத்திருக்கிறேன், அந்த வரி எனக்கு ஏன் வரவில்லை என்ற பொருமலோடு, மற்ற எல்லோரும் தட்டி ஓய்ந்த பிறகும் பூரணி தட்டிக்கொண்டிருந்தாள்.